மிஷின் படத்துப் பாலம்

தியேட்டரில் இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டார்கள். இனிப் பத்து நிமிஷம், ரொம்பத் தள்ளிப்போனால் பதினொன்று, அதற்குள் அந்த இசை வந்துவிடும், வந்தால் நாலு வருஷத்துப் பொய் இத்தனை பெரிய திரையில் எல்லாரும் பார்க்க நிற்கும் என்று அழகுமீனா மனசுக்குள் கணக்குப் போட்டாள். எட்டு மாதக் குழந்தை யாழினி மடியில் பால் குடித்தபடியே தூங்கிப்போயிருந்தாள். மாராப்பைச் சரிசெய்யக் கையை எடுத்தால் முழித்துக்கொள்வாள், முழித்தால் நல்லது, அழுவாள், அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடலாம், தொடையில் லேசாக ஒரு கிள்ளு, அவ்வளவுதான், அப்படி நினைத்ததும் சீ என்றிருந்தது, பெற்ற பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறவளா நான், அந்த விரலைத் தனியாக மடக்கிச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள். இடப்பக்கத்து நாற்காலி காலி, புருஷன் சுருளிவேல் முறுக்கு வாங்கப் போனவர் இன்னும் வரவில்லை. வலப்பக்கம் மதினி பாண்டீஸ்வரி, அவருடைய அக்கா, முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தாள், இறங்கவேண்டிய ஊர் வரப்போகிற பஸ்ஸில் உட்காருவது மாதிரி. அவள் மேல் ஏலக்காய் வாசம் வந்தது. ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிற வேலை, எந்தச் சோப்புக்கும் அந்த வாசம் போகாது. "இன்னும் எம்புட்டு நேரம் மீனா, ஓம் பாலத்துக்கு?" என்று கேட்டாள். "வரும் மதினி" என்று சொன்னது தன் வாய்தானா என்று மீனாவுக்கே தெரியவில்லை. வரும். இசை வரும். பாலம் வருமா, அதுதான் தெரியாது. தெரியாது என்ன, தெரியும், வராது, எப்படி வரும், அதைக் கட்டினவளே நான்தானே.

இந்த நிமிஷக் கணக்கை அவளுக்கு ஒரு சுவர் சொல்லிக்கொடுத்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது போடியில் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்சுவரும் அமுதா தியேட்டரின் பின்சுவரும் ஒன்றேதான், நடுவில் ஒரு எலி போகக்கூட இடம் கிடையாது. அஞ்சாவது முடித்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள், அம்மா தோட்டத்து வேலைக்குப் போக, தம்பியைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது அவள் வேலை, தொட்டில் கட்டின இடம் அந்தச் சுவர் ஓரம். புதுப்படம் வந்து சேராத வாரமெல்லாம் தியேட்டர்க்காரர் தன் கையில் இருந்த ஒரு பழைய படத்தைத்தான் ஓட்டுவார், அதை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பிடிலும் இல்லாமல் தபேலாவும் இல்லாமல் முழுக்க மின்சாரத்திலேயே வாசித்த இசை என்பதால் மிஷின் படம் என்பார்கள். மத்தியானக் காட்சி. சுவரில் முதலில் வருவது இடைவேளை மணி, அப்புறம் முறுக்குக்காரன் சத்தம் தேய்ந்து தேய்ந்து, கதவு சாத்துகிற சத்தம், அப்புறம் கொஞ்ச நேரம் ஒரு காரு போகிற உறுமல், அப்புறம் முணுமுணு முணுமுணு என்று பேச்சு, ஒரு சொல்லும் புரியாது, சுவர் பேச்சைத் தின்றுவிடும், அப்புறம் பேச்சு நின்று அது தொடங்கும். "சுவத்துக்கு அந்தப் பக்கம் போனேன்னு கேள்விப்பட்டேன், காலை ஒடிச்சிருவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார், அவளும் போகவில்லை, ஒரே ஒரு தடவைகூட. ஆனால் சத்தம் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே, அது தானாக வந்தது, செங்கல் வழியாக, காறை வழியாக, தொட்டில் கயிறு வழியாக அவள் உள்ளங்கைக்கு வந்தது.

முதலில் டும், டும் என்று அடியில் ஒரு துடிப்பு. கிணற்று மோட்டார் தூரத்தில் ஓடுவது மாதிரி, இல்லை, அதுகூட இல்லை, குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டால் அதுக்குள் கேட்குமே, அது மாதிரி. அதற்கு மேல் ஒரு நீளமான ஊதல், காலிப் பாட்டில் வாயில் காற்று போனால் வருமே, அந்த நீளம். அப்புறம் தட்டில் விழுகிற சொட்டுத் தண்ணீர் போல ஒவ்வொன்றாக மேலே மேலே ஏறும். ஏறி ஏறி, இதோ வந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில் எல்லாம் நின்றுபோகும். சுத்தமாக. நாலு எண்ணலாம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தொட்டிலும் நின்றுவிடும், ஆட்டுகிற கை நின்றுவிடும். அப்புறம் அதே துடிப்பு, ஒரு படி மேலே, முன்னைவிடத் திடமாக. எத்தனையோ பாட்டு கேட்டிருக்கிறாள், ரேடியோவில், கல்யாண வீட்டில், பஸ்ஸில், ஒவ்வொன்றும் இப்போ அழு, இப்போ சிரி, இப்போ அவனை நினை என்று கையைப் பிடித்து இழுக்கும். இது எதையும் சொல்லாது. அதுதான் அதன் பெருமை என்று அவளுக்கு இப்போது தோன்றியது, சின்னதில் தோன்றவில்லை, அப்போது பிடித்தது, அவ்வளவுதான். நாயனம் என்றால் கல்யாணம், உறுமி என்றால் கோயில், பறை என்றால் எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்பார்கள், ஒவ்வொரு சத்தத்துக்கும் ஊரும் உறவும் சாதியும் இருக்கிறது. இந்தச் சத்தம் எந்த வீட்டிலிருந்தும் வரவில்லை. மரத்தில் செய்ததில்லை, தோலில் செய்ததில்லை. வயரும் கரண்டும். ஒரு நாதியும் இல்லாத சத்தம், அதனால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம். யாரோ ஒரு மனுஷன் எங்கேயோ மெட்ராஸில் ஒரு பூட்டின அறையில் உட்கார்ந்து அந்த நாலு எண்ணிக்கையை விட்டு வைத்திருக்கிறான், நிரப்பாமல். நிரப்பத் தெரியாமலா விட்டிருப்பான். தொட்டில் ஆட்டுகிற ஒரு பிள்ளைக்கு வேண்டியிருக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது.

அந்த இடத்தில்தான் பாலம் வந்தது. பார்க்காத படத்துக்கு ஏதாவது படம் வேண்டுமே. டும் டும் என்பது நடை. யார் நடக்கிறது, ஒரு பொம்பளை, தனியாக, கையில் ஒரு பை. ஊதல் என்பது ஆற்றுக்காற்று. சொட்டுச் சொட்டாக ஏறுவது பாலத்துக் கம்பிகள், அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகிறாள். நடுப் பாலத்தில் நிற்கிறாள். திரும்பிப் போகலாமா என்று பார்க்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. திரும்பவில்லை. தம்பி வளர்ந்து தொட்டிலைக் கழற்றின பிறகும் மீனா மனசில் அந்தப் பொம்பளை நடந்துகொண்டேதான் இருந்தாள். கல்யாணமாகி வந்த முதல் மாசம், புருஷன் வீட்டில் அவள் வாயைத் திறந்து பத்துச் சொல் பேசியிருக்கமாட்டாள், எல்லாரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்து சினிமா பேசிக்கொண்டிருந்தார்கள், விருந்தாளியாக வந்திருந்த பாண்டீஸ்வரிதான் கேட்டாள், "நீ என்னத்தா படம் பாத்துருக்க, வாயில கொழுக்கட்டையா?" ஒன்றும் பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அஞ்சாவது வரை படித்தவள் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது, தெரிந்த ஒரே படத்தை, மிஷின் படம் என்று சொன்னாள். "அதுல என்ன பிடிக்கும்?" சொல்ல ஆரம்பித்தாள். பாலத்தைச் சொன்னாள், பையைச் சொன்னாள், காற்றில் முந்தானை பறப்பதைச் சொன்னாள், நடுவில் நிற்பதைச் சொன்னாள், சொல்லச் சொல்ல டீவியைக்கூட யாரோ குறைத்தார்கள். இந்த வீட்டில் தனக்கும் குரல் உண்டு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. படம் ஏதோ கோர்ட்டு வழக்கில் மாட்டி வருஷக்கணக்காக எங்கேயும் ஓடாமல் கிடந்தது, இசை மட்டும் ரிங்டோனாகவும் பஸ் ஹாரனாகவும் ஊர் சுற்றியது, யார் போய்ச் சரிபார்க்கப்போகிறார்கள். பொய் என்றுகூட அன்றைக்குத் தோன்றவில்லை. எது பொய், அவள் பார்த்ததைத்தானே சொன்னாள்.

பொய் ஆனது பிற்பாடு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பாண்டீஸ்வரி தான் வாக்கப்பட்ட உத்தமபாளையத்திலிருந்து ஒரு கட்டைப்பையோடு வந்து இறங்கினாள், இடது காது வீங்கியிருந்தது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை, அவள் வீட்டுக்காரன் கைநீட்டுவது ஊரறிந்தது. மூன்றாம் நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே மீனாவிடம் மட்டும் சொன்னாள். "ஆத்துப் பாலம் வரைக்கும் விறுவிறுன்னு வந்துட்டேன் மீனா. நடுவுல வந்ததும் காலு நின்னு போச்சு. கொழம்பு அடுப்புல இருக்கே, அணைச்சமா இல்லையான்னு ஒரு நெனப்பு. போயி அணைச்சுட்டு வருவமான்னு. போயிருந்தா அம்புட்டுத்தேன். அப்பத்தேன் ஓம் படத்துப் பொம்பள நெனப்பு வந்துச்சு. அவளும் நின்னாள்ல. அவ போனாளே, எனக்கென்ன கேடுன்னு வந்துட்டேன்." சொல்லிவிட்டு வெங்காயக் கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அந்த நிமிஷமே சொல்லியிருக்கவேண்டும், மதினி அப்படி ஒருத்தி இல்லை என்று, வாய் வரைக்கும் வந்தது, அந்தக் காதைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து அது கிடக்கிறது, விழுங்கின மீன்முள் மாதிரி. இப்போது அதை ஆட்டிவிட ஆள் வந்துவிட்டார்கள். படம் வழக்கு முடிந்து புதுசாகத் துடைத்து மெருகேற்றி ரிலீஸாகிறது என்று தெருவெல்லாம் போஸ்டர், அதே வாரம் உத்தமபாளையத்திலிருந்து ஆள் மேல் ஆள், நாளைக்குக் காலை பெரியாட்கள் நாலு பேர் சமாதானம் பேச வருகிறார்கள், அவன் திருந்திவிட்டானாம், இவள் வந்து வாழட்டுமாம். ரெண்டு நாளாகப் பாண்டீஸ்வரி சரியாகச் சாப்பிடவில்லை. இன்று காலையில் தானே போய் நாலு டிக்கெட்... இல்லை, மூன்று, பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது... வாங்கிக்கொண்டு வந்து, "அவள ஒருக்கா கண்ணால பாத்துக்கிறேன். பாத்துட்டு அவுகளுக்குப் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள். எவளைப் பார்ப்பாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரையில் கார் உறுமியது. ஆறு நிமிஷம்.

சுருளிவேல் இருட்டில் நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "முறுக்கு இல்லையாம், பப்சாம். உள்ள என்னமோ வச்சுருக்கான், அது எந்தக் காலத்து முட்டையோ." பாண்டீஸ்வரி கையை நீட்டவில்லை. "ஏக்கா, பிடி." "எனக்கு வேணாம்ப்பா, நீ தின்னு, பேசாம இரு." முன்வரிசையில் காலேஜ் பையன்கள் ஒரு கூட்டம், படம் தொடங்கினதிலிருந்து கதாநாயகனின் கிருதாவையும் பேண்டையும் பார்த்து ஊளையிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் சிரிப்பார்கள், அந்த இசையையும் சேர்த்துச் சிரிப்பார்கள், தன்னுடையதைப் போய்ச் சிரிப்பார்களே என்று அவளுக்குக் கோபம் வந்தது, கோபம் வந்ததில் ஆச்சரியம் வந்தது. என்னுடையதா. ஒரு காசு கொடுத்ததில்லை, ஒரு சுவரை ஒட்டி நின்றதைத் தவிர என்ன செய்தேன். திரையில் பேச்சு தொடங்கியது, முணுமுணு முணுமுணு, இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்த முணுமுணுப்பு என்னவென்று புரிந்தது. யாரோ ஒரு வெள்ளைக் கோட்டுக்காரர் இன்னொருவரிடம் கரண்டு அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இதுதானா. இவ்வளவுதானா. விரல் பிள்ளையின் தொடைப் பக்கம் போனது. பிள்ளை தூக்கத்தில் சப்புக்கொட்டியது. கிள்ளிவிடலாம். வெளியே போய்விடலாம். போனால் மதினி தனியாகப் பார்ப்பாள், தனியாகத் தேடுவாள், பக்கத்தில் சொல்வதற்கு ஆள்கூட இருக்காது. அது கிள்ளுவதைவிடப் பெரிய பாவம். விரலை எடுத்துவிட்டாள். பேச்சு நின்றது.

டும். காதில் கேட்பதற்கு முன்னால் நாற்காலியில் கேட்டது, இடுப்பெலும்பில் கேட்டது. டும். திரையில் ஆறு இல்லை, பாலம் இல்லை. ஒரு அறை. சுவர் நிறைய பீரோ பீரோவாக மிஷின், ஜிகினாத் தாள் ஒட்டின மிஷின், சிவப்பும் பச்சையுமாகக் குட்டிக் குட்டி பல்பு. அதன் முன்னால் கிருதாக்காரர் உட்கார்ந்திருந்தார், மிஷின் ஒரு பதில் சொல்வதற்காகக் காத்திருந்தார். "எங்க வொர்க்‌ஷாப்பு வெல்டிங் செட்டு இதைவிட நல்லா மின்னும்" என்றார் சுருளிவேல். முன்வரிசையில் ஒருத்தன் சிரிக்க ஆரம்பித்தான். ஊதல் வந்தது, நீளமாக, மேலேயிருந்து, முதுகிலிருந்து, எங்கேயிருந்து என்று சொல்ல முடியாத இடத்திலிருந்து, "டேய், மூடுறா, இதுதான்டா" என்று இன்னொரு பையனே அவனை அடக்கினான். அப்படியே அடங்கியது தியேட்டர். சொட்டுகள் ஏறின. மீனா காதைத் தீட்டிக்கொண்டாள், ஏனென்றால் ஒவ்வொரு சொட்டுக்கும் பின்னால் இன்னொரு சின்னச் சத்தம் இருந்தது, நூல் மாதிரி, கண்ணாடி வளையல் இரண்டு லேசாக உரசின மாதிரி, இதை அவள் கேட்டதே இல்லை. சுவர் விடவில்லை. எத்தனையோ நூறு மத்தியானம் கேட்டு மனப்பாடம் என்று நினைத்திருந்தது பாதிதான், மீதிப் பாதி செங்கல்லுக்குள்ளேயே நின்றுபோயிருக்கிறது, அந்த மனுஷன் அதையும் வைத்திருக்கிறான், அரை வயிற்றுக்கே தன்னை இத்தனை வருஷம் ஆளாக்கினது இவ்வளவு பெரிய விருந்தா. பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. திரையில் பல்புகள் ஓடின, அவள் கண் திறந்துதான் இருந்தது, பல்புகளுக்கு மேலேயே அந்தப் பொம்பளை நடந்துகொண்டிருந்தாள், பல்பு அவளை மறைக்கவில்லை, அவளும் பல்பை மறைக்கவில்லை, ரெண்டுக்கும் இடம் இருந்தது அந்தச் சத்தத்தில். ஏறியது, ஏறியது. நின்றது. பல்பெல்லாம் அணைந்து திரை கருத்தது.

ஒன்று. அத்தனை பேர் இருந்த தியேட்டரில் மூச்சுச் சத்தம் இல்லை. இரண்டு. "அவ எங்க மீனா?" என்றாள் பாண்டீஸ்வரி, ரகசியமாகத்தான் கேட்டாள், ஆனால் அந்த மௌனத்தில் அது ஊருக்கே கேட்டது போல இருந்தது. மூன்று. சொல்லவேண்டும், இந்த மௌனத்தில் வாயைத் திறந்தால் எல்லாரும் திரும்புவார்கள், முன்வரிசைப் பையன்கள் திரும்புவார்கள். நாலு. ஒரே ஒரு பல்பு எரிந்தது, துடிப்பு ஒரு படி மேலே எழுந்து வந்தது, தியேட்டர் விசிலடித்து ஓ என்று கத்தியது, அந்தக் கத்தலுக்குள் மீனா மதினியின் காதுப்பக்கம் குனிந்து, வீங்கின பிறகு கொஞ்சம் மடங்கியே போன அந்தக் காதுப்பக்கம் குனிந்து, சொல்லிவிட்டாள். "அப்பிடி ஒருத்தி இல்ல மதினி. நான் இந்தப் படத்தப் பாத்ததே கெடையாது. எங்கம்மா வீட்டுல, செவுத்து வழியாக் கேட்டதுதேன். பாலம், பொம்பள எல்லாம் நானா நெனச்சுக்கிட்டது. மன்னிச்சுருங்க." பாண்டீஸ்வரி திரும்பவில்லை. திரையில் கிருதாக்காரர் எழுந்து ஓடினார், யாரோ சுட்டார்கள், சுருளிவேல் பப்ஸை மென்றார், ஒரு பாட்டு வந்து போனது, மதினியின் முகத்தில் வெளிச்சம் மாறி மாறி விழுந்தது, ஒன்றும் படிக்க முடியவில்லை. போய்விட்டது. நம்பி நடந்துவந்த பலகையை உருவிவிட்டேன். நாளைக்குப் பையை எடுத்துக்கொண்டு அந்த வண்டியில் ஏறிவிடுவாள், அந்தக் காது, இன்னொரு காது, எல்லாம் என் தலையில். பொய்யே இருந்திருக்கலாம். இல்லை, வேறு ஏதாவது, கட் பண்ணிவிட்டார்கள் மதினி, புதுசாகப் போடும்போது வெட்டிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாமே, ஏன் தோன்றவில்லை, அந்த இசையைக் கேட்ட வாயால் அதைச் சொல்ல வரவில்லை, அதுதான்.

"அப்ப," என்றாள் பாண்டீஸ்வரி. திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "அப்ப அன்னைக்கு அந்தப் பாலத்துல நின்னது நான் மட்டுந்தானா?" மீனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆமா மதினி. நீங்க மட்டுந்தேன்." "வேற யாரும் போகல." "யாரும் போகல மதினி." பாண்டீஸ்வரியிடமிருந்து மூக்கால் ஒரு சிரிப்பு, சிரிப்பு என்று சொல்லவும் முடியாது. "அடி கூறுகெட்டவளே. ரெண்டு வருஷமா அவளுக்குல்ல நான் கும்பிடு போட்டுக்கிட்டிருக்கேன்." தம்பி சுருளிவேல் பக்கம் கையை நீட்டி மிச்சப் பப்ஸை வாங்கி, பாதியைப் பிய்த்து மீனா கையில் வைத்துவிட்டு மறுபாதியைத் தின்றாள். ரெண்டு நாளில் அவள் மனசொப்பித் தின்றது அதுதான். தின்று முடித்து விரலைத் துடைத்துக்கொண்டே, ஏதோ கடைக்குப் போகச் சொல்கிற குரலில் சொன்னாள், "நாளைக்கு அவுக வந்தா தண்ணி குடு. காப்பி போட்றாத." பேச வந்த வீட்டில் காப்பி குடித்தால் பேச்சு பாதி முடிந்த மாதிரி, வெறும் தண்ணீர் என்றால் வந்த வழியே போகவேண்டியதுதான், இது அந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். "அப்ப காலையில பால் வாங்கவா வேணாமா மதினி?" என்று மீனா கேட்டாள். "வாங்கு, வாங்கு. நமக்கு வேணாமா?" என்றாள் பாண்டீஸ்வரி.